மாமியார் பெற்றது நாலு பிள்ளைகள்

கேள்வி: மலேசியாவில் பட்டர்வொர்த்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடமாகப் பராமரிப்பாளராக இருக்கிறேன். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிக்கவில்லை. வேலை அனுபவத்தை வைத்தே எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம், ஃபைல் தயார் செய்யுங்கள் என்கிறார் மேலாளர். வீட்டுக்கு வந்தால் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் கவனிக்கவே ராத்திரியாகிவிடுகிறது. கொழுந்தன்கள் இருவரும் நாத்தனாரும் எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இருக்கிறார்கள். 44 வயதில் சான்றிதழ் எதற்கு என்கிறார் கணவர். என்ன செய்ய?

பதில்: சான்றிதழைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது சுலபமான கேள்வி. எடுங்கள். பி.பி.டி. என்ற, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் வழியில் வகுப்பில் போய் உட்கார வேண்டாம். செய்கிற வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள். 2006-ஆம் ஆண்டு திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் அரசாங்கச் சான்றிதழ் இது. மூன்றாம் நிலை வரை எஸ்.கே.எம்., அதற்கு மேல் டிப்ளோமா. ஒன்று மட்டும் கவனம்: இல்லத்துப் பெரியவர்களின் படத்தையோ பெயரையோ அனுமதி இல்லாமல் ஃபைலில் வைக்காதீர்கள்.

ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கொழுந்தன்களும் நாத்தனாரும் அதே தாமானில் என்று! அப்படியென்றால் உங்கள் கணவரோடு சேர்த்து அந்த அம்மா பெற்ற நாலு பேரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அவரைத் தொட்டுத் தூக்குவது மட்டும் மருமகளா? வயது 44 ஆகிவிட்டது என்கிறவருக்கு, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து நீங்கள் தூக்குகிறபோது அந்த வயது தெரியவில்லையா?

மாமியாரைப் பார்ப்பது மருமகள் கடமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளைகளுக்கு அடுத்துத்தான் மருமகள் என்பேன். அம்மாவைக் குளிப்பாட்ட மகனுக்குக் கூச்சம் என்றால் நாத்தனார் செய்யட்டும். சோறு ஊட்டவும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடவும், பம்பர்ஸ் வாங்கிவரவும் என்ன கூச்சம்?

உங்களையும் சும்மா விடப்போவதில்லை. இத்தனை நாளில் ஒருமுறையாவது அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டீர்களா? 'என்னை மாதிரி யாருக்கும் செய்ய வராது' என்ற பெருமையும் உங்களுக்குக் கொஞ்சம் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். இல்லத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பழக்குகிறீர்கள் அல்லவா, அதே பொறுமையோடு கணவருக்கும் கொழுந்தன்களுக்கும் பழக்குங்கள். வாரத்தில் மூன்று ராத்திரி அவர்கள் பொறுப்பு, அந்த மூன்று ராத்திரியும் ஃபைலுக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமையே நாலு பேரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். அவர்கள் கோணலாகப் போர்த்திவிட்டாலும், 'நகருங்க, நானே செய்றேன்' என்று மட்டும் போய் நிற்காதீர்கள்.