ஒளிப்புள்ளி மொத்தமாக அணைவது பழுதல்ல

கண்டியில் ஆய்வு செய்யும் நீங்கள், மெஹ்-பிபிவி (MEH-PPV) என்ற ஒளிரும் பல்பகுதியத்தின் (பாலிமர்) ஒற்றைச் சங்கிலியில் நூற்றுக்கணக்கான ஒளிரும் துண்டுகள் இருந்தும், நுணுக்குக்காட்டியில் அது தெரியும் ஒளிப்புள்ளி ஏன் மொத்தமாக அணைந்து மீண்டும் எரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். மாதிரியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் மின்கோளாறு என்றால் வரிசை முழுவதும் இருண்டுவிடும். இங்கும் அதே கதைதான். சுருண்ட சங்கிலியில் துண்டுகள் நெருங்கியிருப்பதால், உறிஞ்சிய ஆற்றல் தாவித் தாவி, ஆற்றல் குறைந்த ஓரிரு இடங்களுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஒளியால் ஒரு நேர் மின்னேற்றம் உருவானால் அத்தனை ஆற்றலும் அதற்கே இரை, புள்ளி அணைந்துவிடும். அது மறைந்ததும் மறுபடி ஒளி. 1997இல் அமெரிக்க வேதியியலாளர் பால் பார்பராவின் குழுவினர் வெளியிட்டதும் இத்தகைய திடீர்த் தாவல்களைத்தான்.

ஆனால் முதலில் பல்பகுதியம் சேர்க்காத வெற்றுப் படலத்தை அதே லேசர் வலுவில் பாருங்கள். அழுக்கும் சிமிட்டும், நான் இரண்டு வாரம் ஏமாந்திருக்கிறேன். பிறகு பல்பகுதியத்தைத் தொலுயீன், குளோரோபோம் என்ற இரு கரைப்பான்களிலும் தனித்தனியே கரைத்துப் படலம் வார்த்து ஒப்பிடுங்கள். குளோரோபோமில் சங்கிலி விரிந்திருக்கும், துண்டுகள் விலகியிருப்பதால் ஆற்றல் ஓரிடத்தில் சேராது; அங்கே ஒளி மெல்ல மெல்லக் குறைந்தால் உங்கள் சந்தேகம் தீர்ந்தது. நைதரசனையும் ஓடவிடுங்கள், ஒட்சிசன் இருந்தால் சங்கிலி ஒளிபட்டு நிரந்தரமாக வெளுத்து, மீண்டும் ஒளிராது. மூடுபனிக் காலையில் கண்ணாடித் தகட்டை உலர்த்தாமல் தொடாதீர்கள்.