200 கிராம் பாக்கெட்டில் 194 கிராம்: அளவுத் திருகை மாற்றலாமா, மிஷினை மாற்றலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன ஷெட் போட்டு சத்துமாவும் சாம்பார் பொடியும் பாக்கெட் போட்டு விற்கிறோம். நானும் என் கணவரும்தான், கூட உதவிக்கு ஒரு பெண். எட்டு மாதத்துக்கு முன்னால் கப் வைத்து அளக்கும் பேக்கிங் மிஷின் ஒன்று வாங்கினோம். ஒரு நாளைக்கு 300 பாக்கெட் வரை போடுகிறோம், எல்லாம் 200 கிராம். காலையில் 203, 204 என்று விழுகிறது. கைச்சக்கரத்தைத் தொடாமலேயே பதினொரு மணி வாக்கில் 194-க்கு இறங்கிவிடுகிறது. ஹாப்பரில் (மிஷின் மேலே உள்ள மாவுத் தொட்டியில்) மாவு கொட்டியதும் 207-க்குப் போகிறது. கைச்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிக் கை வலிக்கிறது. விற்றவரிடம் சொன்னால், கைச்சக்கரத்தின் பழைய திருகைக் கழற்றிவிட்டு மைக்ரோமீட்டர் திருகு போட்டால் சரியாகிவிடும், 18,500 ரூபாய் ஆகும் என்கிறார். வெளிநாட்டில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் கருவியில் இதே மாதிரி திருகு போட்டு அளக்கிற வீடியோவையும் அனுப்பினார். வாங்கலாமா? இல்லை, ஸ்க்ரூ சுற்றி மாவைத் தள்ளும் ஆகர் மிஷினுக்கே மாறிவிடலாமா?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். அந்த 18,500 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

உங்கள் மிஷினுக்கு எடை தெரியாது. கப்பின் கொள்ளளவு மட்டும்தான் தெரியும். மேல் கப்பும் கீழ்க் கப்பும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். கைச்சக்கரத்தைச் சுற்றினால் கீழ்த் தட்டு ஏறி இறங்கி, கப்பின் ஆழம் கூடும், குறையும். நீங்கள் அனுப்பிய படத்தில் கப்பின் உள் அகலம் 8 சென்டிமீட்டர், திருகின் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். அப்படியானால் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் ஏழரை மில்லி இடம் கூடும் அல்லது குறையும். சத்துமாவு ஒரு மில்லிக்குச் சுமார் அரை கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கால் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம். 200 கிராம் பாக்கெட்டுக்கு இந்த நுணுக்கம் தாராளம்.

மைக்ரோமீட்டர் திருகில் ஒரு கோடு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. உங்கள் கப்பில் அது ஒரு கிராமில் நாற்பதில் ஒரு பங்கைத்தான் மாற்றும். 13 கிராம் ஏறி இறங்குகிற பாக்கெட்டுக்கு அதனால் என்ன பலன்? திருகு இருக்கும் இடத்திலேயே இருக்க, எடை மட்டும் மாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோளாறு மாவு கப்புக்குள் இறங்கும் விதத்தில் இருக்கிறது.

அவர் அனுப்பிய வீடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோட்டா நிரப்பும் கருவியில் மருந்தை கிரெயின் கணக்கில் அளப்பார்கள். ஒரு கிரெயின் என்பது சுமார் 0.065 கிராம். அவ்வளவு சின்ன அளவுக்கு நுண்ணிய திருகு தேவைதான். ஆனால் அதுவும் கொள்ளளவை வைத்து அளக்கும் கருவிதான். உருண்டை உருண்டையான மருந்து சீராக விழும், குச்சி குச்சியான மருந்து சிக்கி ஏறுக்குமாறாக விழும், திருகு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும். அதனால் அங்கேயும் நடுநடுவே தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். கப் மிஷினில் சீனியும் உளுந்தும் ஒழுங்காக விழுந்து சத்துமாவு மட்டும் படுத்துவதும் இதே காரணத்தால்தான்.

மாவு மில்லில் அரைத்து வாங்கி வந்த தூக்குவாளியை நினைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது விளிம்பு வரை நிற்கும். மறுநாள் காலையில் திறந்தால் இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும். மாவு எங்கேயும் போகவில்லை, இடையில் இருந்த காற்றுதான் போயிருக்கிறது. உங்கள் கப்புக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஹாப்பர் நிறைய இருக்கும்போது மேல் மாவின் பாரம் கீழ் மாவை அமுக்குகிறது, ஒரே கப்பில் 207 கிராம் அடைகிறது. ஹாப்பர் காலியாகக் காலியாக அமுக்கம் குறைந்து 194-க்கு வருகிறது. சூட்டோடு கொட்டினீர்களானால் இன்னொரு தொந்தரவும் சேரும். ஆவி ஹாப்பர் சுவரில் வியர்த்து மாவு அப்பிக்கொள்ளும், நடுவில் கிணறு மாதிரி குழி விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் இது இன்னும் மோசமாகும்.

ஆகவே முதலில் ஒரு நாள் காகிதமும் பேனாவுமாக உட்காருங்கள். காலிக் கவர் பத்தை ஒன்றாக நிறுத்து, பத்தால் வகுத்து ஒரு கவரின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மிஷினைப் பத்து நிமிடம் ஓட விட்ட பிறகு, திருகைத் தொடாமல் வரிசையாக முப்பது பாக்கெட்டை நிறுத்து, விழுந்த வரிசைப்படியே எழுதுங்கள். தராசு 0.1 கிராம் வரை காட்ட வேண்டும். ஒரு கிராம் தராசில் இந்த வேலை நடக்காது. எழுதிய எண்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனால் ஹாப்பர் மட்டம்தான் காரணம். குதித்துக் குதித்து ஏறி இறங்கினால் மாவு சிக்குகிறது, அல்லது கப் மேல் தேய்க்கும் பிரஷ் தேய்ந்துவிட்டது. எல்லாமே ஒரே மாதிரி குறைவாக இருந்தால் மட்டும் திருகைத் தொடுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற எண்களைப் பார்த்தால் முதல் காரணம்தான் பெரியது என்று தோன்றுகிறது.

இதைச் சரிசெய்ய நான் முதலில் சொல்வது, அரைத்த மாவை அன்றே போடாதீர்கள் என்பதுதான். அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆற விட்டு, மறுநாள் சலித்துக் கொட்டுங்கள். இதற்குக் காசே ஆகாது, ஆனால் பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். ஹாப்பரில் பாதியிலும் முக்காலிலும் பெயின்டால் இரண்டு கோடு போட்டு, மாவு மட்டம் அந்த இரண்டுக்கும் நடுவிலேயே நிற்கும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டச் சொல்லுங்கள். உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு இதையே முதல் வேலையாகக் கொடுத்துவிடலாம். மாவு சுவரில் அப்பினால் ஹாப்பருக்குள் மெல்லச் சுற்றும் கிளறி ஒன்று வைக்க வேண்டும்.

திருகு விஷயத்தில் உங்கள் மிஷினுக்கு வேண்டியது பூட்டு. மிஷின் அதிர்வில் கைச்சக்கரம் தானாக நகர்கிறதா என்று பாருங்கள். சக்கரத்திலும் தண்டிலும் சேர்ந்தாற்போல ஒரு நகப்பூச்சுக் கோடு இழுத்துவிட்டு, மாலையில் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். விலகியிருந்தால் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் நல்ல லேத் பட்டறையில் ஒரு செக் நட் (திருகு நகராமல் இறுக்கிப் பூட்டும் நட்டு) போடச் சொல்லுங்கள், கூடவே கோடு போட்ட ஒரு தகடும். பழகிய மரையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதனால் அளவு வைக்கும்போது எப்போதும் ஒரே பக்கமிருந்து வாருங்கள். கூட்ட வேண்டுமோ குறைக்க வேண்டுமோ, முதலில் வேண்டிய கோட்டுக்கு அரைச் சுற்று கீழே வரை இறக்கி, அப்புறம் மேலே ஏற்றி வேண்டிய கோட்டில் நிறுத்திப் பூட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் மைக்ரோமீட்டர் வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடும். தேய்ந்த பிரஷையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி 100 கிராமுக்கு மேல் 200 கிராம் வரை தனி பாக்கெட்டில் குறையக்கூடியது 4.5 சதவீதம். உங்கள் 200 கிராமுக்கு அது 9 கிராம். 191-க்குக் கீழே ஒரு பாக்கெட்டும் போகக்கூடாது. 194 தப்பித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சோதனைக்கு எடுக்கும் பாக்கெட்டுகளின் சராசரி, கவரில் அச்சிட்ட அளவுக்குக் குறையவே கூடாது. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் 205-ல் வைத்தால், 300 பாக்கெட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ மாவு சும்மா போகும். மாதம் 26 நாள் வேலை என்றால் 39 கிலோ. ஏற்ற இறக்கத்தை இரண்டு மூன்று கிராமுக்குள் கொண்டுவந்துவிட்டால் 201-ல் வைத்து நிம்மதியாக இருக்கலாம்.

இதையெல்லாம் செய்தும் அடங்கவில்லையென்றால் மிஷின் 190 கிராம் போடட்டும், மீதியைத் தராசில் வைத்துக் கரண்டியால் சேருங்கள். மூன்று பேருக்கு 300 பாக்கெட் பெரிய வேலை இல்லை. வருமானம் வளர்ந்த பிறகு ஆகர் மிஷின் வாங்கலாம். மாவுக்கும் பொடிக்கும் ஏற்றது அதுதான். கிளட்ச் வைத்ததைவிட சர்வோ மோட்டார் வைத்ததைப் பாருங்கள், ஸ்க்ரூ எத்தனை சுற்று சுற்றியது என்பதில் அது தவறாது. ஆனால் அதுவும் கொள்ளளவுதான், மாவு சூடாக இருந்தால் அதுவும் தவறும். வாங்கப் போகும்போது உங்கள் மாவு பத்து கிலோ கையோடு கொண்டு போங்கள். விற்பவர் வைத்திருக்கும் ரவையில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐம்பது பாக்கெட் ஓட்டி நிறுத்து எழுதி, என்ன மாவுக்கு எத்தனை கிராம் ஏற்ற இறக்கம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியில் இன்னொன்று எழுதியிருந்தீர்கள். எல்லா மாவுக்கும் ஏற்றது என்று சொல்லித்தான் விற்றார், இப்போது கேட்டால் தொழிலுக்கு வாங்கிய மிஷினுக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்கிறார் என்று. அவர் சொல்வது பாதிதான் உண்மை. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிகத்தில் சேராது என்றும் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. அந்த வழக்கில் மிஷின் வாங்கியவர் தோற்றார், ஏனென்றால் அது வணிகத்துக்கு வாங்கியது என்று முடிவானது. ஆனால் பிழைப்புக்காக லேத் மிஷின் வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. கணவன், மனைவி, ஒரு உதவியாள் என்ற உங்கள் நிலைமைக்கு இது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

பிரச்சினை தலைதூக்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். ஐந்து லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே மனு போடலாம். எல்லா மாவுக்கும் ஓடும் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் விளம்பரத் தாளும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். முப்பது பாக்கெட் எடை எழுதிய காகிதத்தையும் தேதி போட்டு அதோடு வையுங்கள். வழக்குக்கு முன்னால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் சொல்லிப் பாருங்கள். நிறையப் பேருக்கு அங்கேயே சமரசம் ஆகிவிடுகிறது.

கேள்வி: கீழமாசி வீதியில் மொத்தக் கடையில் வாங்கிய மல்லித்தூள் பாக்கெட்டில் 200 கிராம் என்று போட்டிருக்கிறது. வீட்டுத் தராசில் கவரோடு 189 கிராம்தான் காட்டுகிறது. என்ன செய்வது?
(வாசகர், மேலூர்)

பதில்: பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். வீட்டுத் தராசை நம்பி நடவடிக்கை எடுக்க முடியாது, முதலில் அரசு முத்திரை போட்ட கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் கவரோடு 189 என்றால் உள்ளே தூள் அதைவிடக் குறைவு. மேலே சொன்ன 191 எல்லையைத் தாண்டிவிட்டது. கடைக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, கட்டி வந்த பாக்கெட்டைத்தான் அவர் விற்கிறார். கவரில் உள்ள நுகர்வோர் தொடர்பு எண்ணில் பேட்ச் எண்ணோடு புகார் சொல்லுங்கள். பில்லையும் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மதுரை தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் எடையளவு விஷயங்களைத் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. ஒரே பேட்ச்சில் இன்னும் இரண்டு மூன்று பாக்கெட் கிடைத்தால் அவற்றையும் நிறுத்துக் குறித்துக் கொடுத்தால் புகாருக்கு வலு கூடும்.

கேள்வி: முறுக்கு, அதிரசம் வீட்டில் செய்து எடை போட்டு விற்கிறேன். ஆன்லைனில் மலிவாக வரும் கிச்சன் தராசு போதுமா?
(வாசகி, உசிலம்பட்டி)

பதில்: போதாது. உங்கள் சமையலுக்கு அளக்க அது சரி. விற்பதற்கு எடை போடும் தராசு என்றால் முத்திரை வாங்க வேண்டும், மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை மறுமுத்திரையும் வேண்டும். உரிமம் பெற்ற தராசுக் கடையில் வாங்கினால் முத்திரையோடு கொடுப்பார்கள், எப்போது மறுபடி கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிடுவார்கள். கூடவே ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைப் பீரோவில் வைத்துவிடாமல், வாங்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வையுங்கள்.