கொச்சியில் எங்கே தங்குவது? நார்த் ஸ்டேஷன் பக்கமே பாருங்கள்

புளியரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"அண்ணாச்சி, அம்மாவுக்கு 72 வயது, முட்டுவலி. அடுத்த மாதம் கொச்சி இடப்பள்ளியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். வியாழன் காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். புதன் காலை போய்ச் சேர்ந்து, சனி இரவு ரயிலேறுவதாகத் திட்டம். பிள்ளைகள் ஃபோர்ட் கொச்சியில் கடற்கரைப் பக்கம் தங்கலாம் என்கிறார்கள். மச்சான் ஆலுவாவில் ரூம் மலிவு என்கிறார். எங்கே தங்கினால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது? ஆட்டோவுக்கே பாதிப் பணம் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது."

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டு: அம்மாவின் முட்டு, வியாழன் காலை பத்து மணி. மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். எர்ணாகுளம் நார்த் ரயில் நிலையம், டவுன் ஹால் மெட்ரோ, கலூர், இந்த வட்டாரத்துக்குள் ரூம் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. 'கொச்சி' என்று நாம் ஒரே பெயராகச் சொன்னாலும், தண்ணீர் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ரயில் நிலையங்கள், மெட்ரோ, நீங்கள் போகும் இடப்பள்ளி எல்லாம் கிழக்கே, எர்ணாகுளம் கரையில் இருக்கின்றன. ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் காயலுக்கு அக்கரையில், மேற்கே. 1967 நவம்பர் 1 அன்று எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளைச் சேர்த்துத்தான் கொச்சி மாநகராட்சி ஆக்கினார்கள். அதுவரை தனித்தனி ஊர்கள். அதனால்தான் ரயில் டிக்கெட்டில் 'கொச்சி' என்று தேடுகிறவர்களுக்கு 'எர்ணாகுளம்' வருகிறது, ரூம் தேடுகிறவர்களுக்கு அக்கரை விடுதியெல்லாம் வருகிறது. இது தெரியாமல் பணம் கட்டிவிட்டு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர்.

எனக்கே அப்படி நடந்தது. மெட்ரோ வருவதற்கு முந்தைய காலம். மாமனாரின் கண் சிகிச்சைக்காகப் போனபோது, படத்தில் பார்க்க அழகாக இருந்தது என்று ஃபோர்ட் கொச்சியில் ஒரு விடுதியில் தங்கினோம். ரூமில் குறை ஒன்றும் இல்லை. காலை எட்டு மணிக்கு டாக்ஸியில் கிளம்பினோம். தோப்பும்படி பாலம், வெண்டுருத்திப் பாலம், பிறகு நகர நெரிசல். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் டோக்கன் எண் தாண்டிவிட்டது. மாலை நான்கு மணி வரை அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், காலை ஒன்பது மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள்" என்றுதான் சொல்கிறேன். போன் மேப்பில் புறப்படும் நேரத்தைக் காலை எட்டரை என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பார்த்துவிட்டு 'அரை மணி நேரம்தான்' என்று நம்பிவிடக் கூடாது. அதுவும் இடப்பள்ளி, சேலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலையும் கடற்கரை நெடுஞ்சாலையும் வந்து சேரும் சந்திப்பு. காலையில் அங்கே வண்டிகள் நகர்வதே பெரிது.

இப்போது உங்கள் ரயில். செங்கோட்டையில் நள்ளிரவு தாண்டி ஏறும் பாலருவி எக்ஸ்பிரஸ், புனலூர், கொல்லம், கோட்டயம் வழியாகக் காலை ஒன்பது மணி வாக்கில் எர்ணாகுளம் டவுன் போய்ச் சேரும். டவுன் என்றால் நார்த், ஜங்ஷன் என்றால் சவுத். டிக்கெட் எடுக்கும்போதும் இறங்கும்போதும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொல்லம் தாண்டியதும் அலுவலகம் போகிறவர்கள் கூட்டமாக ஏறுவார்கள். கட்டாயம் ரிசர்வேஷன் செய்து, அம்மாவுக்குக் கீழ் பெர்த் கேளுங்கள். நார்த்தில் வண்டி அதிக நேரம் நிற்காது, திருப்பூணித்துறை வந்ததுமே பைகளை வாசல் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள்.

நார்த்தில் இறங்கியதும் பக்கத்திலேயே டவுன் ஹால் மெட்ரோ நிலையம். அங்கிருந்து ஆலுவா பக்கம் போகும் வண்டியில் ஏறினால் கலூர், ஸ்டேடியம், பாலாரிவட்டம், சங்ஙம்புழா பார்க், அடுத்தது இடப்பள்ளி. ஐந்தாவது நிறுத்தம். கீழே சாலையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் மேலே மெட்ரோ தன் நேரத்துக்குப் போய்விடும். நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் அம்மா படி ஏற வேண்டியதில்லை. இடப்பள்ளியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓர் ஆட்டோ. ரூமிலிருந்து ஒன்பதுக்குக் கிளம்பினாலும் பத்துக்கு முன் உட்கார்ந்திருக்கலாம். இருந்தாலும் எட்டரைக்கே கிளம்புங்கள், சீட்டுப் போட, பழைய ரிப்போர்ட்டைக் காட்ட நேரம் வேண்டும்.

மச்சான் சொன்ன ஆலுவாவைத் தள்ளிவிட மாட்டேன். அதுவும் மெட்ரோ பாதையில்தான், பாதையின் வடக்கு முனை. ஆஸ்பத்திரி மட்டும்தான் வேலை, ஒரு வாரம் தங்க வேண்டும் என்றால் நானே ஆலுவாவைச் சொல்லியிருப்பேன். விமானத்தில் வருகிறவர்களுக்கும் நெடும்பாசேரியிலிருந்து அது பக்கம். ஆனால் நீங்கள் பிள்ளைகளை அக்கரைக்குக் கூட்டிப்போகப் போகிறீர்கள். ஒவ்வொரு முறையும் பாதையின் அந்த முனையிலிருந்து வந்து திரும்பினால், ரூமில் மிச்சம் பிடித்த காசு அலைச்சலில் போய்விடும். சவுத் ஸ்டேஷன் பக்கமும் நிறைய ரூம் உண்டு, மெட்ரோவும் உண்டு. மழைக்காலத்தில் மட்டும் அங்கே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும், முட்டுவலிக்காரரோடு அதில் நடப்பது கஷ்டம்.

ரூம் எடுக்கும்போது விளம்பரத்தை நம்பாமல் நேரே போன் செய்து கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், ரோட்டிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்றும் கேளுங்கள். பழைய லாட்ஜுகளில் வாசலிலேயே ஏழெட்டுப் படி ஏறித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டியிருக்கும். வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, பிள்ளைகளுக்கு எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு, சொன்ன வாடகை வரியோடு சேர்த்தா என்பதையும் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, நீங்கள் ஒன்பது மணிக்குப் போய் நிற்பீர்கள், பல இடங்களில் பன்னிரண்டு மணிக்குத்தான் ரூம் கொடுப்பார்கள். சில லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு, எப்போது போகிறோமோ அப்போதிருந்து ஒரு நாள். இரவு முழுக்க ரயிலில் வந்த அம்மா மூன்று மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில் இருக்க முடியாது. இருநூறு முந்நூறு கூடுதலானாலும் போனதும் ரூம் கிடைக்கிற இடத்தையே எடுங்கள். இந்தச் செலவுக்கு யோசிக்க வேண்டாம்.

பேசுவதற்குத் தயக்கம் வேண்டாம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மலையாளம் காதில் விழுந்த பாஷைதான். "சேட்டா" என்று கூப்பிட்டுத் தமிழில் நிதானமாகக் கேட்டால் பதில் கிடைக்கும்.

ஆட்டோ பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 2022-ல் மாற்றிய கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15. மீட்டர் போடத் தயங்குகிறவர்களும் உண்டு, ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள், அல்லது ஊபர் செயலியில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஐந்து பேர் ஒரே ஆட்டோவில் போக முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். அதனால் நீண்ட தூரத்தை மெட்ரோவிலும் படகிலும் போய்க்கொண்டு, கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் ஆட்டோ பிடியுங்கள். மெட்ரோவில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை 25 நிலையங்கள், அதற்கே ஒருவருக்கு 60 ரூபாய்தான்.

இனி அக்கரை. பிள்ளைகளின் ஆசையைத் தட்ட வேண்டாம், தங்காமல் போய்விட்டு வாருங்கள். போவதே அவர்களுக்குப் பிடிக்கும். டவுன் ஹாலிலிருந்து பானர்ஜி ரோடு நேராக ஹைகோர்ட் சந்திப்புக்குப் போகிறது, டவுன் பஸ்ஸும் ஓடுகிறது. அங்கே வாட்டர் மெட்ரோ முனையம். 2023-ல் இந்தச் சேவை தொடங்கியது, அடுத்த ஆண்டு ஃபோர்ட் கொச்சிக்கும் படகு விட்டார்கள். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ஏ.சி. படகுகள், இருபது நிமிடம் போல ஆகும், ஒருவருக்கு 40 ரூபாய். உங்கள் அம்மாவுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே படகுத்துறை மிதவை மேல் அமைந்தது. தண்ணீர் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் துறையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்கும். கால் தூக்கித் தாண்ட வேண்டாம், சக்கர நாற்காலியே உள்ளே போகும். சுபாஷ் பார்க் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து அரசுப் படகும் போகிறது, கட்டணம் பத்து ரூபாய்க்குள்தான், நானும் அதில் விரும்பிப் போவேன். ஆனால் அதில் ஏறி இறங்கும்போது படகு ஆடும். அம்மாவோடு வேண்டாம். வாட்டர் மெட்ரோவில் சனி, ஞாயிறு வரிசை நீளமாக இருக்கும், வேலை நாளில் போங்கள்.

எந்த நாள் என்பதில் கவனம் தேவை. உங்களுக்கு வெள்ளி முழுக்கக் காலி, ஆனால் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568-ல் கட்டிய யூதர் ஜெபாலயத்துக்குச் சனி விடுமுறை, வெள்ளியும் நம்ப முடியாது. அதனால் மட்டாஞ்சேரியை வியாழன் மதியத்துக்கு வையுங்கள். ஆஸ்பத்திரி வேலை பன்னிரண்டுக்குள் முடிந்தால் அம்மாவை ரூமில் படுக்க வைத்துவிட்டு, மனைவியோ நீங்களோ ஒருவர் கூட இருங்கள், மற்றவர் பிள்ளைகளைக் கூட்டிப்போகட்டும். டெஸ்ட், ஸ்கேன் என்று இழுத்தால் மட்டாஞ்சேரியை விட்டுவிடுங்கள், வருத்தம் வேண்டாம்.

வெள்ளி மாலை எல்லோருமாக ஃபோர்ட் கொச்சி போங்கள். படகை விட்டு இறங்கினால் சீன வலைகள் பக்கம்தான். மரக்கம்பங்களில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நாலைந்து பேர் கயிறு இழுத்து வலையைத் தூக்குவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அங்கிருந்து நடந்தால் செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோட காமாவை முதலில் புதைத்தது அங்கேதான், பிறகு உடலைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். பாட புத்தகத்தில் படித்த பெயரைக் கல்லறைக் குறிப்பில் பார்ப்பது பிள்ளைகளுக்கு மறக்காது. "நூறு ரூபாய்க்கு எல்லா இடமும் காட்டுகிறேன்" என்று ஆட்டோக்காரர் கூப்பிட்டால் நிதானியுங்கள். அந்தச் சுற்றில் பாதி நேரம் கடைகளில் போகும், கூட்டிவந்ததற்குக் கடைக்காரர் அவருக்குப் பணம் கொடுப்பார். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கிய உடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தவறவிட்டால் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும்.

சனிக்கிழமை காலை ரூமைக் காலி செய்து பைகளை ரிசப்ஷனிலேயே வைத்துவிடுங்கள். மெட்ரோவில் திருப்பூணித்துறை போய், ஆட்டோவில் ஹில் பேலஸ் பார்க்கலாம். கொச்சி ராஜாக்கள் இருந்த அரண்மனை, இப்போது அருங்காட்சியகம். படிகள் உண்டு, அம்மா தோட்டத்தில் நிழலில் இருந்தால் போதும். அரண்மனை வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்னால் இடப்பள்ளி லுலு மால், மெட்ரோ நிலையத்திலிருந்தே உள்ளே போக வழி உண்டு. மாலையில் வந்து பையை எடுத்தால் நார்த் ஸ்டேஷன் பக்கத்திலேயே. ஊர் திரும்பும் பாலருவியை அங்கேயே பிடித்துவிடலாம்.

ஒன்றே ஒன்று, செங்கோட்டையில் இறங்கும்போது நடு ராத்திரி தாண்டியிருக்கும். புளியரைக்குப் போக ஆட்டோவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆரியங்காவு வந்ததும் அம்மாவை எழுப்பி, செருப்பைப் போட வையுங்கள். ரயில் குகையைத் தாண்டினால் பகவதிபுரம், அடுத்தது நம் ஸ்டேஷன்.