பெராக்சைடு ஊற்ற ஊற்ற சி.ஓ.டி. ஏறுவது ஏன்?

கேள்வி: எங்களுடையது சிறிய மூலமருந்து ஆலை. தினம் 10 கிலோலிட்டர் கழிவுநீரை பென்டன் முறையில் (இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து அழுக்கை உடைப்பது) சுத்திகரிக்கிறோம். லிட்டருக்கு 6,000 மி.கி. இருக்கும் சி.ஓ.டி. (கழிவிலுள்ள அழுக்கை ஆக்சிஜன் கணக்கில் சொல்லும் அளவு) 2,500க்கு இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது. பெராக்சைடு தருபவர் இன்னும் ஊற்றச் சொன்னார். ஊற்றினால் 2,900 காட்டுகிறது, அடுத்துள்ள, நுண்ணுயிரிகளுக்குக் காற்றூட்டும் ஏரேஷன் தொட்டியும் நுரைத்துப் படுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஊற்றுவதை நிறுத்துங்கள். ஏறிய அந்த 400, பெரும்பாலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெராக்சைடுதான். சி.ஓ.டி. சோதனையில் சேர்க்கும் டைக்குரோமேட்டை மிச்சப் பெராக்சைடும் தின்னும். லிட்டருக்கு 1,000 மி.கி. மிச்சம் இருந்தால் 470 மி.கி. வரை பொய்க் கணக்கு ஏறும். ஏரேஷன் தொட்டியில் நுண்ணுயிரிகளைக் கொல்வதும் அதுவே.

பெராக்சைடு சோதனைப் பட்டை வாங்குங்கள். அதிகபட்சம் 100 மி.கி. காட்டும் பட்டை என்றால் மாதிரியை நீர்த்துப் பாருங்கள். வினை முடிந்ததும் காஸ்டிக் சேர்த்து பி.எச். 8.5க்குக் கொண்டுவந்து சில மணி நேரம் கலக்கிவிட்டால் பெராக்சைடு தானாகச் சிதையும். இரும்புச் சேறு படியாமல் குமிழோடு மிதந்தால் இன்னும் சிதையவில்லை என்று பொருள். பட்டை நிறம் மாறாத நிலை வந்த பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு, பெராக்சைடை அழிக்கும் பைசல்பைட் உப்பைக் கொட்டாதீர்கள், மிஞ்சினால் அதுவும் சி.ஓ.டி. காட்டும்.

இனி அளவு. உங்கள் கழிவில் நாளுக்கு 60 கிலோ சி.ஓ.டி. இருக்கிறது. 1 கிலோவுக்கு, ஏட்டுக் கணக்குப்படி, 50 சதவீதப் பெராக்சைடு 4.25 கிலோ, மொத்தம் 255 கிலோ. அவ்வளவும் வேண்டாம். பாதியில், அதாவது 130 கிலோ விகிதத்தில் (லிட்டருக்கு 13 கிராம்), 1 லிட்டர் ஜாரில் சோதித்துத் தொடங்குங்கள். இரும்பு 1 பங்குக்குத் தூய பெராக்சைடு 10 பங்கு என்றால் ஃபெரஸ் சல்பேட் படிகம் சுமார் 32 கிலோ. கந்தக அமிலத்தால் பி.எச். 3, அடுத்து ஃபெரஸ் சல்பேட், கடைசியில் பெராக்சைடு. அதையும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பிரித்துப் பிரித்து விடுங்கள். 40 டிகிரியைத் தாண்டினால் பெராக்சைடு வேலை செய்யாமலே ஆக்சிஜனாகப் போய்விடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மலிவு என்று போகாதீர்கள். குளோரைடு வினையையும் கெடுக்கும், சோதனையையும் கெடுக்கும்.

மிச்சம் நிற்கும் 2,000 சொச்சம் அசெட்டிக், ஆக்சாலிக் போன்ற சிறு அமிலங்களாக இருக்கலாம். பென்டன் அவற்றை எளிதில் உடைக்காது, நுண்ணுயிரிகள் உடைத்துவிடும். பி.ஓ.டி. (நுண்ணுயிரிகளால் உடைக்கக்கூடிய அழுக்கின் அளவு), சி.ஓ.டி.யில் 0.3 பங்குக்கு மேல் இருந்தால் ஏரேஷனுக்கு அனுப்புங்கள்.

இதை உங்கள் வியாபாரி சொல்ல மாட்டார், கேன் கணக்கில் கமிஷன் வாங்குபவர் ஏன் சொல்கிறார்? அவர் தரும் சரக்கையும் சோதியுங்கள். 50 சதவீதப் பெராக்சைடின் ஒப்படர்த்தி சுமார் 1.19. ஹைட்ரோமீட்டர் 1.13 காட்டினால் கேனில் இருப்பது 35 சதவீதம். ஃபெரஸ் சல்பேட் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியது பழைய சரக்கு. ‘ஸ்பெஷல் கேட்டலிஸ்ட்’ என்று பெயரில்லாத மூட்டை வந்தால், பாதுகாப்புத் தரவுத் தாள் இல்லாமல் இறக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். லோசார்டான், வால்சார்டான் போன்ற சார்டான் மருந்துகளின் தயாரிப்பில் சோடியம் அசைடு பயன்படுகிறது. அந்தத் தாய்த்திரவம் (மருந்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் திரவம்) பென்டன் தொட்டிக்கு வரவே கூடாது. பி.எச். 3இல் அது ஹைட்ரசோயிக் அமில வாயுவாகக் கிளம்பும். நச்சு, வெடிக்கவும் செய்யும். ‘நீர்த்த கழிவுதானே’ என்பது பதில் ஆகாது. ரியாக்டர் கழுவிய நீரும் சென்ட்ரிஃப்யூஜ் கழுவிய நீரும் அதில் சேர்த்தி. தனி சம்பில் பிடித்து, மூடிய கலத்தில் அசைடை அழிப்பது உற்பத்தி வேதியியலாளரின் பொறுப்பு. ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய) ஆபரேட்டர் தலையில் கட்டாதீர்கள். எந்த பேட்சில் அசைடு போனது என்று அவருக்கு எழுத்தில் தெரிய வேண்டும். ஃபெரிக் குளோரைடு சொட்டுக்கு மாதிரி சிவந்தால், அதாவது அசைடு இருப்பது தெரிந்தால், திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.

இதையெல்லாம் ஆய்வுக்கு வருகிறவர் கேட்பதில்லை. அவர் பார்ப்பது சி.ஓ.டி. 250க்குள் இருக்கிறதா என்பதை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதியில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு போட்டார்கள். 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அதைக் காணோம். மருந்துக் கழிவுக்கான விதியில் மருந்தையே அளக்கச் சொல்லவில்லை!