எம்டன் கேப்டனும் இரண்டு டிக்கெட்டும்

கேள்வி: நான் ம்யூனிக்கில் வேலை பார்க்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறாள். மகனுக்கு நான்கு வயது. கோடையில் அவனுடைய கிண்டர்கார்டன் மூடிவிடும் என்பதால் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்திருக்கிறோம். ஆகஸ்டில் ஒரு வாரம் எல்லோரும் மால்டா தீவுக்குப் போக ஏற்பாடு செய்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் எங்கே கூப்பிட்டாலும் வருவார். அப்பாதான் மறுக்கிறார். அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், அதனால்தான் மால்டாவையே தேர்ந்தெடுத்தோம். முதல் நாள் சொன்னபோது, எம்டன் கப்பல் கேப்டனை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துப் பயணத் திட்டத்தை அச்சடித்துக் கொடுத்தேன். படித்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார், "எனக்கு வேண்டாம்பா, நான் வீட்டிலேயே இருக்கேன்" என்றார். செலவை நினைத்துத் தயங்குகிறாரா? வயதாகிவிட்டதால் ஆர்வம் குறைந்துவிட்டதா? எப்படிச் சம்மதிக்க வைப்பது? திட்டத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், ம்யூனிக்

பதில்: தம்பி, செலவும் இல்லை, வயதும் இல்லை. எம்டனைப் பற்றி அவர் சொன்னதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் நகர முடியவில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரியவைத்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். நவம்பரில் கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரை ஆங்கிலேயர்கள் மால்டாவுக்குக் கொண்டுபோய் வெர்டாலா முகாமில் அடைத்தார்கள். 1916 அக்டோபரில்தான் அங்கிருந்து இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். சென்னையில் குண்டு போட்டது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த ஆள் பிறகு எங்கே போனார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மால்டா என்று நீங்கள் வாயெடுத்ததும் உங்கள் அப்பாவுக்கு அது நினைவுக்கு வந்திருக்கிறது. இவருக்கா ஆர்வம் குறைந்துவிட்டது?

முதல் நாள் ஆர்வமாகப் பேசியவர் மூன்றாம் நாள் வேண்டாம் என்கிறார். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. நீங்கள் அந்தத் தாளைக் கொடுத்தீர்கள்.

அந்தத் தாளை நானும் படித்தேன். செவ்வாய்: "ஹைபோஜியம், 2 டிக்கெட். அப்பா அம்மா குழந்தையுடன் ஓட்டலில்." புதன் மாலை: "வல்லெட்டா டின்னர், நாங்கள் இருவர்." வெள்ளி, பக்கத்துத் தீவில்: "கோசோ, டைவிங். குழந்தை அம்மாவிடம்." ஏழு நாள் திட்டத்தில் உங்கள் பெற்றோரின் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் பக்கத்திலேயே குழந்தையின் பெயரும் வருகிறது. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று தேர்ந்தெடுத்த ஊரில் அவர் பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹைபோஜியம் என்பது பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகப் பூமிக்குள் இறங்கும் புதைகுழி மண்டபம். ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது, ஏறத்தாழ 7,000 பேரை அங்கே புதைத்திருக்கலாம் என்கிறார்கள். 1902-ல் வீடு கட்டுகிறவர்கள் தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டும்போது தட்டுப்பட்டது. உள்ளே காற்றின் ஈரம் மாறினால் சுவரில் உள்ள செங்காவி ஓவியங்கள் கெட்டுவிடும் என்பதால் மணிக்குப் பத்துப் பேர், நாளைக்கு எண்பது பேர், அவ்வளவுதான். ஆறு வயதுக்குக் கீழே குழந்தைகளை விடுவதில்லை. ஆகவே யாராவது ஒருவர் வெளியே இருந்துதான் ஆக வேண்டும், அது நியாயம். அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்தபோது, வரலாற்று வாத்தியாரை ஓட்டல் அறையில் உட்கார வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற நீங்கள் உள்ளே போவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஊகம்தான், தப்பென்றால் மன்னியுங்கள். மற்றதில் ஊகம் எதுவும் இல்லை, நீங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

பேரனைப் பார்த்துக்கொள்வது தாத்தா பாட்டிக்குச் சுமை, அவர்களுக்கென்று தனி வாழ்க்கை இல்லையா என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெற்றவர்கள் பேரப்பிள்ளையைத் தூக்குவார்கள், தூக்க வேண்டும். அதற்காகத்தான் உங்கள் அப்பா விமானம் ஏறி வந்திருக்கிறார், இந்த ஒரு மாதமாக ஒரு வார்த்தை முனகியிருக்க மாட்டார். "அப்பா, ஆகஸ்டில் எங்களுக்கு ஒரு வாரம் ஓய்வு வேணும், நீங்க வந்து பிள்ளையைப் பார்த்துக்கோங்க" என்று நேராகக் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கிளம்பியிருப்பார். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. "உங்களுக்காகத்தான் மால்டா" என்று சொல்லிவிட்டு ஆயா வேலைக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தீர்கள். உதவி கேட்டால் கௌரவமாகச் செய்யலாம். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பந்தி பரிமாறச் சொன்னால் யார் வருவார்?

அம்மாவைப் பற்றி, எங்கே கூப்பிட்டாலும் வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இது போன்ற கடிதங்களில் எப்போதும் ஒரு அம்மா இப்படித்தான் இருக்கிறார். அவருக்கு என்ன பார்க்க ஆசை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முழங்கால் வலிக்காரரைத் தலைநகர் வல்லெட்டாவுக்குக் கூட்டிப் போகிறீர்கள். அது ஒரு குன்றின் மேல் கட்டம் கட்டமாக அமைந்த நகரம், பல தெருக்கள் படிக்கட்டுகள்தான். துறைமுகத்திலிருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு 58 மீட்டர் லிஃப்ட் இருக்கிறது. திட்டத்தில் ஓட்டலின் காலைச் சாப்பாடு வரை இருக்கிறது, லிஃப்டைக் காணோம்.

சரி, என்ன செய்வது?

ஹைபோஜியத்துக்கு இன்னொரு டிக்கெட் கிடைக்குமா என்று பாருங்கள். ஆகஸ்டில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாரக்கணக்கில் முன்னாலேயே விற்றுவிடும். ஆகவே உங்கள் டிக்கெட்டை அப்பாவிடம் கொடுங்கள். மனைவியின் டிக்கெட்டில் கை வைக்காதீர்கள். மாமனாரும் மருமகளும் போய்விட்டு வரட்டும். வேலைக்கும் போய்க்கொண்டு, இந்தக் கோடையில் வீட்டில் எல்லோரையும் கவனிப்பது அவளாகத்தான் இருக்கும். நீங்கள் பிள்ளையோடும் அம்மாவோடும் நிழலாக ஒரு இடத்தில் உட்காருங்கள். ஒரு மணி நேரம்தான். பெயர் மாற்ற வேண்டுமா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அந்த அட்டவணையைக் கிழித்துவிட்டு வெள்ளைத் தாளை அப்பாவிடம் கொடுங்கள், திட்டம் அவர் போடட்டும். அவருக்குக் கைடு தேவைப்படாது. 1565-ல் ஒட்டோமான் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் தீவைப் பிடிக்க முடியாமல் திரும்பியது, அடுத்த வருடமே வல்லெட்டாவுக்கு அடிக்கல் நட்டார்கள். அந்த முற்றுகையில் முதலில் விழுந்த செயின்ட் எல்மோ கோட்டையில் இப்போது போர் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுமழையைத் தாங்கியதற்காக 1942-ல் பிரிட்டன் அரசர் தீவுக்கே கொடுத்த ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அங்கேதான் உள்ளது. 1798-ல் எகிப்துக்குப் போகிற வழியில் நெப்போலியன் ஏறக்குறைய சண்டையே இல்லாமல் தீவைப் பிடித்துக்கொண்டதையும், 1878-ல் ரஷ்யாவை மிரட்ட சுமார் 7,000 இந்தியச் சிப்பாய்களை ஆங்கிலேயர்கள் அங்கே கொண்டுவந்து இறக்கியதையும் அவர் வாயால் கேளுங்கள். முல்லரை அடைத்து வைத்த வெர்டாலா, பொர்ம்லா ஊரில் இருக்கிறது. மியூசியம் ஒன்றும் இல்லை, வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். அவருக்கு அது போதும். நீங்களும் கூட நில்லுங்கள், போனை எடுக்காமல்.

ஆகஸ்ட் வெயிலில் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை யாரையும் வெளியே இழுக்காதீர்கள். ஆகஸ்ட் 15 அங்கே மாதா திருவிழா, ஊரே விடுமுறையில் இருக்கும், அன்றைக்குக் கோசோ படகில் கூட்டம் தாங்காது. கார் எடுத்தால், அங்கே நம்மூர் மாதிரி இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஜெர்மனியில் பழகிய உங்கள் கைக்கு முதல் நாள் தடுமாறும்.

புதன் மாலை டின்னர் உங்கள் இருவருக்கும் இருக்கட்டும். அது வேண்டியதுதான். ஆனால் கேட்டுவிட்டுப் போங்கள், அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாக. டைவிங்கை விட்டுவிடுங்கள். ம்யூனிக்கிலிருந்து மால்டா இரண்டரை மணி நேரம், அடுத்த வருடமும் கடல் அங்கேதான் இருக்கும். உங்கள் பெற்றோர் இனி எப்போது வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

இன்னொன்று. டிக்கெட்டைக் கொடுக்கும்போது "முதலிலிருந்தே உங்களுக்காகத்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிடாதீர்கள். திட்டம் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். அவர் பணிக்காலம் முழுக்கப் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டவர், இது எந்த வகை என்று வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்படியும் வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். அம்மா யாரோடு இருப்பார் என்பதை அம்மாவே சொல்லட்டும். பிள்ளையை மட்டும் அப்பாவோடு வீட்டில் விட்டுவிட்டுப் போகிற யோசனை வந்தால், அதையும் அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.