'ஓவர்' என்றால் அளவுக்கு மீறியது மட்டுமல்ல

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வேலையில் சேர்ந்த புதிதில் மேலாளர் உங்களிடம் "லெட்ஸ் கோ ஓவர் யுவர் ரிப்போர்ட்" என்று சொல்லியிருக்கிறார். அறிக்கை ஓவராகப் போய்விட்டது என்கிறாரோ என்று பயந்து, ராத்திரி உட்கார்ந்து அதில் பாதியை வெட்டியிருக்கிறீர்கள். அதே வாரம் உடன் வேலை செய்பவர் ஒருவர் "கம் ஓவர் ஆன் சண்டே" என்றிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் 'ஓவர்' என்ற ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் போட்டிருக்கிறது, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள்.

மேலாளர் சொன்னது, அறிக்கையை இரண்டு பேருமாக முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்பதைத்தான். அதில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. பழைய பிரதி இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு போங்கள். நண்பர் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள் என்று. தயங்காமல் போய்வாருங்கள்.

நமக்கு ஏன் இது தடுக்குகிறது என்றால், 'ஓவர்' ஏற்கெனவே தமிழுக்குள் வந்து குடியேறிவிட்ட சொல். "ஓவரா பேசாதே", "ஓவர் பில்டப்" என்றால் அளவுக்கு மீறியது. "கதை ஓவர்" என்றால் முடிந்தது. கிரிக்கெட்டில் ஆறு பந்து. இந்த மூன்றும்தான் நம்மோடு வந்தன. மற்றதெல்லாம் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டன. ஆங்கிலம் பேசுகிற இந்த நாட்டுக்கு வந்ததும் காதில் விழுவதோ பெரும்பாலும் அந்த மற்றதுதான்.

ஒரு மதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து ஏறி, மேலே கடந்து, அந்தப் பக்கம் இறங்குகிறார். 'ஓவர்' என்பது அந்த முழு அசைவு. உச்சியில் இருக்கும்போது 'மேலே'. தாண்டும்போது 'கடந்து'. இறங்கியபின் 'அந்தப் பக்கம்'. "ஓவர் தேர்" என்று கை காட்டுவது இதனால்தான். எல்லாம் தாண்டியாகிவிட்டது என்றால் 'முடிந்தது'. நண்பர் வரச் சொன்னது, உங்கள் இடத்திலிருந்து நடுவில் உள்ளதைக் கடந்து அவர் இடத்துக்கு. 'ஹேண்ட் ஓவர்' என்றால் என் கையிலிருந்து உங்கள் கைக்கு ஒப்படைப்பது. ஷிப்ட் முறையில் வேலை செய்யும் இடங்களில் 'ஹேண்டோவர்' என்று தினமும் ஒன்று நடக்கும்: போகிறவர் வருகிறவரிடம் நிலவரத்தைச் சொல்லிப் பொறுப்பைக் கைமாற்றுவது. 'கோ ஓவர்' என்பதில் கடப்பது ஆள் இல்லை, கண். பக்கத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்வை போகிறது. 'திங்க் இட் ஓவர்' என்றால் மனம் அப்படிப் போகிறது. நிதானமாக யோசித்துச் சொல் என்று பொருள். 'ஓவர் தி வீக்கெண்ட்' என்றால் சனி, ஞாயிறு என்ற அந்தக் காலத்தின் ஊடே, அதற்குள் ஏதோ ஒரு வேளையில். நின்ற ஒன்று தலைகுப்புற விழுந்தால் 'ஃபால் ஓவர்'. பரீட்சைத் தாளின் அடியில் பார்த்துப் பழகிய பி.டி.ஓ.வின் கடைசி எழுத்தும் இதேதான்: ப்ளீஸ் டர்ன் ஓவர்.

அப்புறம் உண்மையிலேயே சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. 'ஓவர்' வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிறதா, பின்னால் தனியாக வருகிறதா என்று கவனியுங்கள். இடம் மாறினால் பொருள் மாறும், சில சமயம் நேர் எதிராகவே மாறும். 'லுக் ஓவர்' என்றால் பார்த்துச் சரிபார்ப்பது. 'ஓவர்லுக்' என்றால் பார்க்கத் தவறுவது, அல்லது பார்த்தும் கண்டுகொள்ளாமல் விடுவது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், அனுப்புவதற்கு முன் என் அறிக்கையைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்து "ப்ளீஸ் ஓவர்லுக் மை ரிப்போர்ட்" என்று மின்னஞ்சல் எழுதினார். மேற்பார்வையாளர் அதை அச்செடுத்துக்கொண்டு அவர் மேசைக்கே வந்து, இதில் எதை நான் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று நிஜமான கவலையோடு கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். இந்தச் சொல்லின் இயல்பு அப்படி. இதே 'ஓவர்லுக்' வீட்டு வாடகை விளம்பரத்தில் வந்தால் வேறு. 'ஓவர்லுக்கிங் தி பார்க்' என்றால் ஜன்னலைத் திறந்தால் பூங்கா தெரியும்.

இன்னும் பாருங்கள். 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பை எடுத்துக்கொள்வது; 'ஓவர்டேக்' என்றால் முந்திச் செல்வது. 'ஸ்லீப் ஓவர்' என்றால் இன்னொருவர் வீட்டில் இரவு தங்குவது, 'ஓவர்ஸ்லீப்' என்றால் எழ வேண்டிய நேரம் தாண்டித் தூங்கிவிடுவது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் 'ஸ்லீப்போவர்' என்ற சொல் வீட்டுக்குள் வந்தே தீரும். 'ஓவர்சீ' என்றால் மேற்பார்வை செய்வது. ஆனால் அதன் பெயர்ச்சொல் போலத் தெரியும் 'ஓவர்சைட்' இரண்டு பக்கமும் பேசும்: ஒரு குழுவின் மேற்பார்வைக்கும் அதுதான், கவனக்குறைவால் விட்டுப்போன பிழைக்கும் அதுதான். "இட் வாஸ் அன் ஓவர்சைட்" என்று யாராவது எழுதினால், தெரியாமல் விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

நம் 'அளவுக்கு மீறிய' ஓவர் பெரும்பாலும் முன்னால் ஒட்டி வருகிற இந்த வகையிலிருந்து வந்ததுதான்: ஓவர்ஈட், ஓவர்லோட், கணக்கில் கூடுதலாகப் பணம் பிடித்தால் ஓவர்சார்ஜ். வினைக்குப் பின்னால் தனியாக நிற்கும்போது அந்தப் பொருள் அநேகமாக வராது. பால் பொங்கி வழிவதையும், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீள்வதையும் சொல்லும் 'பாயில் ஓவர்', 'ரன் ஓவர்' போன்ற சில விலக்குகள் உண்டு. அங்கேயும் விளிம்பைத் தாண்டுகிற அந்தப் பழைய அசைவுதான். ஆனால் ஆளைச் சேர்த்து 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிட்டது என்று அர்த்தம், கவனம்.

'இட்' எங்கே வரும் என்பதும் பிறர் காதில் உறுத்தும். ஹேண்ட் இட் ஓவர், லுக் இட் ஓவர், திங்க் இட் ஓவர் என்று நடுவில் வரும். கோ ஓவர் இட், கெட் ஓவர் இட் என்பவற்றில் கடைசியில் வரும். இதற்கு விதி தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். சொற்றொடராகவே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. 'கெட் ஓவர்' பற்றி ஒரு எச்சரிக்கை. காய்ச்சலிலிருந்து தேறினேன் என்று நம்மைப் பற்றிச் சொல்லலாம். துயரத்தில் இருப்பவரிடம் "கெட் ஓவர் இட்" என்று சொல்லவே கூடாது. ஆறுதல் சொல்வதாக நாம் நினைப்போம். "போதும், விட்டுத் தொலை" என்றுதான் அவர்களுக்குக் கேட்கும்.

மற்றவை சுலபம். காவலர் "புல் ஓவர்" என்றால் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்துங்கள். இருக்கையில் "மூவ் ஓவர்" என்றால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். மருந்தகத்தில் 'ஓவர் தி கவுண்டர்' என்றால் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடியது. 'ஓவர்டியூ' என்றால் கெடு தாண்டியது. அந்தச் சொல்லோடு வரும் கடிதத்தை உடனே பிரித்துப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் வந்தால் 'அதற்கு மேல்'. படிவத்தில் '18 ஆர் ஓவர்' என்று இருந்தால் 18 வயது நிரம்பியவரும் சேர்த்தி. 'ஸ்டார்ட் ஓவர்', 'டூ ஓவர்' என்று மறுபடி செய்வதைச் சொல்வது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் இதற்கு 'அகெய்ன்' போட்டுச் சொல்வதுதான் இயல்பு. அங்கே ஒருவரை 'டூ ஓவர்' என்றால் அடித்து நொறுக்குவது என்ற கொச்சைப் பொருளும் உண்டு.

இவ்வளவு தெரிந்த பிறகும் பேச்சின் வேகத்தில் சில நழுவத்தான் செய்யும். அப்போது தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் யோசிக்காதீர்கள். புரிந்ததை எளிய வினையில் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்: "சோ யூ வாண்ட் மீ டு செக் இட் டுகெதர் வித் யூ?" என்று. இங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. வேலையைச் சரியாகப் புரிந்துகொள்ளக் கேட்கிறார் என்றே நினைப்பார்கள். ஆம், இல்லை என்று அங்கேயே பதில் வந்துவிடும்.