பைத்தானிலிருந்து ஜாவாவுக்கு மாறியதும் வேலை வேகம் பாதியாகிவிட்டது: ஜாவாவை விட்டுவிடலாமா?

இப்போது விடாதீர்கள். புதிய புரோகிராமிங் மொழிக்கு மாறிய மூன்று மாதத்தில் வேகம் பாதியானதற்கு ஜாவாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

உங்கள் திட்டம் இன்னும் ஜாவா 8 பதிப்பில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது 2014-இல் வந்தது. பைத்தானில் நான்கு வரியில் முடிகிற டேட்டா கிளாஸுக்கு (தகவல்களைத் தொகுத்து வைக்கும் அமைப்பு) அதில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதைச் சுருக்கமாக எழுத உதவும் 'ரெகார்ட்' வசதி 2021-இல், ஜாவா 16-இல்தான் நிலையானது. அதைவிடப் பெரிய எரிச்சல் காத்திருப்பு. பைத்தானில் எழுதிய உடனே ஓட்டிப் பார்த்துப் பழகியவருக்கு, ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் முழு பில்டு (கோடை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் வேலை) முடியும் வரை உட்கார்ந்திருந்தால் யோசனையே அறுந்துபோகும். எனக்கும் தர்மபுரியில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது இதேதான் நடந்தது. மொழி பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்:

1. எழுதிய நேரம், பில்டுக்குக் காத்திருந்த நேரம், பிறர் கோடைப் புரிந்துகொள்ளப் போன நேரம் என மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள்.
2. மேவன் என்ற பில்டு கருவியில் முழு பில்டு வேண்டாம், நீங்கள் தொட்ட டெஸ்டை (கோடு சரியா என்று பார்க்கும் சோதனை) மட்டும் ஓட்டுங்கள்.
3. வீட்டில் ஜாவா 21 போட்டு, சின்னதாக ஏதாவது எழுதுங்கள். அதுவும் கசந்தால் மொழிதான் ஒத்துவரவில்லை. அப்புறம் பைத்தான் வேலை தேடுவது நியாயமே.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நீங்கள் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டி போய் வருகிற நாளின் குறிப்பையும் வீட்டிலிருந்து வேலை செய்த நாளின் குறிப்பையும் கலக்காதீர்கள். பயணக் களைப்பு ஜாவா கணக்கில் ஏறிவிடும்.